பதினொரு "அழகிய"

கேள்வி: என்ட சிறுகதையை "கண்ணுக்கு முன்னால ஒண்டும் வரேல்ல" எண்டு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறீங்கள். கொழும்புக் கடற்கரையில இருக்கிற காலிமுகத்திடலை மட்டுமே ஒண்டரைப் பக்கம் வர்ணிச்சிருக்கிறன். இதுக்கு மேல என்ன எழுதச் சொல்றீங்கள்?
- ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: மேல எழுதச் சொல்லேல்ல தம்பி, குறைக்கச் சொன்னனான். அந்த ஒண்டரைப் பக்கத்தில "அழகிய" எண்ட சொல் பதினொரு தரம் வருது, சிவப்புப் பேனையால வட்டம் போட்டு எண்ணினனான், அழகிய கடல், அழகிய மாலை, கடைசியில ஒரு அழகிய பட்டம் வேற பறக்குது. அழகு எண்டுறது நீங்கள் பாத்து முடிச்சுச் சொல்ற தீர்ப்பு. என்னத்தைப் பாத்தனீங்கள் எண்டு காட்டினாத்தானே நானும் அந்தத் தீர்ப்புக்கு வரலாம்?

அங்க இறால் வடை வண்டியில, கண்ணாடிக்குப் பின்னால அடுக்கின வடை ஒவ்வொண்டிலயும் இறால் மீசையோட ஒட்டிக்கொண்டு கிடக்கும், வாங்கினா வெங்காயமும் உறைப்பும் போட்டுத் தருவினம், எண்ணெய் பேப்பரில ஊறி விரலுக்கு வரும். உப்புக்காத்தில முகம் பிசுபிசுக்கும், கதைச்சாப் பாதி காத்தோட போயிடும். உங்கட கதையில வாற சோடி அந்தக் காத்துக்குள்ள நிண்டு குசுகுசுத்துக் காதல் சொல்லுது. ஆருக்குக் கேட்டிருக்கும்?

குறுந்தொகை 167ஐ எடுத்துப் பாருங்கோ, கூடலூர் கிழார் பாடினது. புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளை தயிர் பிசைஞ்ச விரலை உடுத்த சீலையிலயே துடைச்சுப்போட்டு, அதை மாத்தாமல், தாளிக்கிற புகை கண்ணுக்குள்ள போகப் போக நிண்டு புளிக்குழம்பு வைக்குது, புருசன் "இனிது" எண்டு சாப்பிடுறான், அவளின்ட முகத்தில மெல்லிசா ஒரு சந்தோசம். அன்பு, காதல் எண்டு ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அந்தத் தாளிதம் இப்பவும் மணக்குது (மத்தியானச் சாப்பாடு இன்னும் வரேல்ல, அதுவும் காரணமா இருக்கலாம்).

உங்களுக்கும் கை வராமல் இல்லை. "அம்மம்மா டோர்ச்சைத் தலையணைக்குக் கீழ வச்சிட்டுத்தான் படுப்பா" எண்டு மூண்டாம் பக்கத்தில எழுதியிருக்கிறீங்கள், அதில வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு யோசிச்சனான், ஊரில எத்தினை ராத்திரி எழும்பி ஓடியிருப்பா மனுசி எண்டு. அடுத்த வரியிலயே "பழைய நினைவுகளின் வேதனையில் அவர் வாடினார்" எண்டு விளக்கம் குடுக்க வெளிக்கிட்டிட்டீங்கள், ஆர் கேட்டது?

அந்த வரியை வெட்டுங்கோ, "நிலா முகம்" எண்டு எழுதியிருக்கிறதையும் தூக்குங்கோ, திருப்பி அனுப்புங்கோ. பட்டம் இருக்கட்டும், என்ன கலர், ஆற்ற கையில நூல் எண்டு மட்டும் எழுதுங்கோ.