லாடா கார் ஃபியட்டின் நகல்தானா?

ரஷ்யாவின் லாடா கார் இத்தாலிய ஃபியட்டின் வெறும் நகல் என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. 1966இல் சோவியத் அரசு ஃபியட்டுடன் ஒப்பந்தம் செய்து, வோல்கா ஆற்றங்கரையிலுள்ள தொலியாத்தி நகரில் லாடாவைத் தயாரிக்கும் அவ்தோவாஸ் ஆலையை எழுப்பியது. அந்நகர் 1964இலேயே இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் பல்மீரோ தொலியாத்தியின் பெயரைப் பெற்றிருந்தது என்பது சுவையான பொருத்தம். 1970இல் உற்பத்தியான முதல் லாடாவான வாஸ்-2101, ஃபியட் 124இன் வழிவந்ததே. ஆனால் மோசமான சாலைகளையும் கடுங்குளிரையும் தாங்குவதற்காக உடற்தகடு தடிமனாக்கப்பட்டது, தரையிலிருந்து உயரம் கூட்டப்பட்டது, பின்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக டிரம் பிரேக் பொருத்தப்பட்டது, எஞ்சினும் மாற்றப்பட்டது. பேட்டரி கைவிட்டால் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும் வசதிகூட இருந்தது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு நகல் என்பது சற்றுக் கடுமையான சொல். 1977இல் வந்த நான்கு சக்கர இயக்க நீவாவோ சோவியத் பொறியாளர்களின் சொந்த வடிவமைப்பு.

எனினும் வெளிநாட்டுச் சார்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2022இல் பிரெஞ்சு நிறுவனமான ரெனோ அவ்தோவாஸில் தனக்கிருந்த பங்குகளை விட்டு வெளியேறியபோது, உதிரிபாகத் தட்டுப்பாட்டால் லாடா கிராண்டா சில காலம் ஏர்பேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் ஆகியவை இல்லாமலே தயாரிக்கப்பட்டது.