பாதீடு நிறைவேறாவிட்டால் காஃப் (பிரான்சில் வாடகை உதவியும் குடும்ப உதவியும் கொடுக்கும் அலுவலகம்) காசு நிற்குமா?

கேள்வி (2025 ஜனவரி): நாங்கள் பாரிஸ் புறநகரான பொபினியில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். அரசாங்கம் விழுந்து 2025 பாதீடும் நிறைவேறாததால் வீட்டு வாடகை உதவி நின்றுவிடும், ஜனவரிக்குள் ‘புது ஃபோம்’ நிரப்ப வேண்டும் என்று பாரிஸ் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒருவர் 80 யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு ஃபோமே கிடையாது.

அமெரிக்காவில் பாதீடு இல்லையென்றால் அலுவலகங்களையே பூட்டுவார்கள். பிரான்சில் அப்படி இல்லை. 2024 டிசம்பர் 4 அன்று நாடாளுமன்றத்தில் 331 பேர் எதிர்த்து வாக்களித்து, பிரதமர் பார்னியேயின் அரசாங்கம் கவிழ்ந்தது. டிசம்பர் 20 அன்று ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. புதுப் பாதீடு வரும்வரை பழைய வரிகளைத் தொடர்ந்து வாங்கலாம், கடன் எடுக்கலாம், வழமையான செலவைச் செய்யலாம் என்றது அது. உங்கள் வாடகை உதவி அந்த வழமையான செலவுக்குள் அடக்கம். ஜனவரியில் தொகை கூடிக் குறைந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வருமானத்தை வைத்துச் செய்யும் மறுகணிப்புதான் காரணமாக இருக்கும். அதற்கும் நாடாளுமன்றத்துக்கும் சம்பந்தமில்லை. ஓய்வூதியக்காரருக்கோ அரசாங்கம் விழுந்ததில் லாபம்: பார்னியே தள்ளிப்போட நினைத்த 2.2 வீத உயர்வு 2025 ஜனவரி 1 அன்றே வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியிருந்தது வருமான வரி. எந்த வருமானத்துக்கு மேல் எத்தனை வீதம் வரி என்று பிரிக்கும் வரிக் கோடுகளை வழக்கமாக விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்துவார்கள். சிறப்புச் சட்டத்தால் அதைச் செய்ய முடியாது என்று அரசின் சட்ட ஆலோசனை மன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு பங்குக்கு 11,294 யூரோ என்ற முதல் கோடு 2025 ஜனவரியில் அங்கேயே நின்றது. உங்கள் குடும்பத்துக்கு மூன்று பங்கு (பெற்றோருக்கு இரண்டு, பிள்ளைகளுக்குத் தலா அரை), அதாவது 33,882. உங்கள் சம்பளம் நகர்ந்திருக்கும், கோடு நகரவில்லை. கோட்டைத் தாண்டிய உடனே வரி வந்துவிடாது, சிறு வரிக்கு ஒரு கழிவு உண்டு. ஆனால் அந்தக் கழிவும் பழைய கணக்கில்தான் இருந்தது. முந்தைய ஆண்டு விளிம்பில் தப்பியவர்கள் அப்படியே விட்டிருந்தால் மாட்டியிருக்கலாம். வருமான அறிவித்தல் வசந்தகாலத்தில்தானே, அதற்குள் 2025 பெப்ரவரியில் பாதீடு வந்தது, கோடும் நகர்ந்தது. அதற்காக யாரிடமும் ஓட வேண்டியதில்லை.

80 யூரோ போனால் போகட்டும், அந்த ஆள் கேட்கப்போவது உங்கள் காஃப் கடவுச்சொல். போன கோடையில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். ‘உதவிக்கு’ வந்தவர் அவருடைய கணக்கில் தன் மின்னஞ்சலைப் போட்டு வைத்திருந்தார். மூன்று மாத அறிவித்தலுக்கான நினைவூட்டல் எல்லாம் அந்த ஆளுக்கே போயின. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, காசு நின்றபோதுதான் தெரிந்தது. இந்த ஆட்களுக்கு நாட்டுக் குழப்பம் என்றால் தீபாவளி. வதிவிட அட்டை கொடுக்கும் பிரிஃபெக்சர் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய சந்திப்பு நேரத்தையே விற்றவர்கள்தான்.

நாடாளுமன்றத்தில் 577 ஆசனங்கள், மூன்று முகாம்கள், பெரும்பான்மைக்கு வேண்டிய 289 ஒருவரிடமும் இருக்கவில்லை. 2025 ஜூலை வரை சபையைக் கலைக்கவும் முடியாமல் இருந்தது. மக்ரோன் 2024 டிசம்பரில் பய்ருவைப் பிரதமராகக் கொண்டுவந்தார், அவரும் அதே கணக்கைத்தான் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் சண்டை பிடிக்கட்டும், அதற்குச் சந்தா நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றிரவே மாற்றுங்கள். கணக்கில் உள்ள மின்னஞ்சலையும் வங்கி இலக்கத்தையும் பாருங்கள். மொழி தடையென்றால் ‘பிரான்ஸ் செர்வீஸ்’ என்ற அரச உதவி அலுவலகத்தில் பக்கத்தில் இருந்து செய்து தருவார்கள், ஒரு சதமும் வாங்கமாட்டார்கள்.