என்கேதிக் குகையின் திறந்த வாசல்

அன்பு அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியை 16 வருடங்களாக நடத்தி வருகிறேன். கடந்த ஒரு வருடமாக உள்ளே ஏதோ வற்றிவிட்டது. பாடம் எடுக்கிறேன், ஜெபிக்கிறேன், பாரம் மட்டும் இல்லை. இதற்கிடையில் புதிதாகத் தொடங்கிய ஒரு சபையில் சிறுவர் ஊழியத்தைப் பொறுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் எனக்காக ஜெபித்த ஊழியர், என்னைப் பற்றி எதுவுமே தெரியாதவர், "மகளே, உனக்கு ஒரு புதிய காலம் தொடங்குகிறது" என்றார். எங்கள் போதகரோ, "கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை, பொறுத்திருங்கள்" என்கிறார். கிதியோனைப் போல அடையாளம் கேட்டேன். ஒருமுறை போ என்றும் மறுமுறை போகாதே என்றும் வந்தது. இது கர்த்தருடைய வேளையா, என் களைப்பா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். படித்த அன்றே எழுதியிருந்தால் என் பழைய காயம்தான் பதில் சொல்லியிருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் 1 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்துக்குத்தான் போகிறேன். தாவீது என்கேதியின் குகைக்குள் தன் ஆட்களோடு ஒளிந்திருக்கிறான். அவனைக் கொல்லத் தேடி 3000 பேரோடு வந்த ராஜாவாகிய சவுல், அதே குகைக்குள் தனியாக நுழைகிறான். நாம் அடையாளம் என்று சொல்வதெல்லாம் அந்த இருட்டில் ஒன்றுகூடியிருக்கிறது. அடுத்த ராஜா இவன்தான் என்று தீர்க்கதரிசி சாமுவேல் தாவீதின்மேல் ஊற்றிய எண்ணெய் இருக்கிறது. திறந்த வாசல் இருக்கிறது. கூட இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "கர்த்தர் உன்னோடே சொன்ன நாள் இதுதானே." சபை பாஷையில் சொன்னால், வாக்குத்தத்தமும் சூழ்நிலையும் ஆலோசனையும் ஒத்துப்போகின்றன. ஆனாலும் அது வேளை அல்ல. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே "அவன் மனது அடித்துக்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறது.

தாவீதுக்கு அது எப்படித் தெரிந்தது? வானத்திலிருந்து சத்தம் எதுவும் வந்ததாக அங்கே எழுதவில்லை. அந்த வாசலில் நுழைய வேண்டுமானால் கர்த்தர் அபிஷேகம்பண்ணின சவுல்மேல் கைபோட வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சிங்காசனம் அவனுக்குரியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழியில் போய் உட்கார்ந்தால், உட்காருகிறவன் சாமுவேல் எண்ணெய் ஊற்றிய தாவீதாக இருக்கமாட்டான். ராஜாவானபோது அவனுக்கு 30 வயது. அதன்பிறகும் ஏழரை வருடம் எப்ரோனில் யூதாவை மட்டும் ஆண்டான். இந்த இடைக்காலத்தை வீணான காத்திருப்பு என்று நான் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை.

இதே தாவீதைப் பற்றி 19-ஆம் அதிகாரம் சொல்வதை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது அவன் வேளைக்காகக் காத்திருக்கவில்லை. விலகினான், அன்று இராத்திரியே ஓடித் தப்பினான். சவுலைக் கொல்ல மறுத்தவன்தான் சவுலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவும் மறுத்தான். சகோதரி, உங்கள் சபையில் யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ, பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தாலோ, கணக்கில் பொய் இருந்து அதை மறைக்கச் சொன்னாலோ, நான் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். "இன்றே வெளியே வாருங்கள், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். காயப்பட்டவர்களைப் பார்த்துக் "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்கள்" என்று சொல்வதை ஆவிக்குரிய ஆலோசனை என்று என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் எழுதியிருப்பது ஈட்டியைப் பற்றி அல்ல, வறட்சியைப் பற்றி. அதனால் இங்கே கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரை நினைக்கிறேன். நான் வளர்ந்த சபைப் பாரம்பரியம் அவருடையது அல்ல, ஆனால் இந்த விஷயத்தில் அவரிடம் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது. 1521-இல் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த போர்வீரர் அவர். படுத்தபடியே தன் நினைவுகளைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்துவிட்டு, பிறகு உள்ளத்தை வெறுமையாக்கின. கிறிஸ்துவின் வழியில் நடந்தவர்களைப் பற்றிய நினைவோ போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுவைத்தது. அந்தக் கவனிப்பிலிருந்து பின்னாளில் அவர் எழுதிய விதிகளில் ஒன்று இது: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும்போது புதிய முடிவு எதுவும் எடுக்காதே, அதற்கு முன் தெளிவில் எடுத்த தீர்மானத்தில் நில். போகவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வறண்ட மனம் நல்ல வழிகாட்டி அல்ல என்றுதான் சொல்கிறார்.

தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்றவனிடம் தேவன் அடுத்த ஊழியத்தைப் பற்றி உடனே பேசவில்லை. தூங்க விட்டார், அடை கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் கொடுத்தார். 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்த பிறகுதான் புதிய கட்டளை வந்தது. உங்கள் களைப்பைப் பாவம்போல எழுதியிருக்கிறீர்கள். 16 வருடம் ஓய்வில்லாமல் மற்றவர்களுடைய பிள்ளைகளைச் சுமந்த ஒரு சரீரம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் மூன்று மாத விடுப்பு கேளுங்கள். புதிய சபையாரிடமும் அதுவரை பதில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அழைப்பு கர்த்தருடையதாக இருந்தால் மூன்று மாதத்தில் கெட்டுப்போகாது.

அடையாளம் கேட்டதைப் பற்றிச் சுருக்கமாக: கிதியோன் பனி எங்கே பெய்கிறது என்று பார்க்க ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டது இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்க அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. இனி அதைச் செய்யாதீர்கள், உங்களை அது இன்னும் குழப்பும்.

அந்த ஊழியரின் வார்த்தையையும் போதகரின் வார்த்தையையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறீர்கள். அப்போஸ்தலர் 16-இல், வந்து உதவும்படி அழைத்த மக்கெதோனியா மனுஷனைத் தரிசனத்தில் கண்டவர் பவுல் ஒருவர்தான். ஆனால் அடுத்த வசனத்தில் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று வருகிறது. காண்பது ஒருவராக இருக்கலாம், நிதானிப்பது பலர் சேர்ந்து. அதற்கு முன் ஆசியாவிலும் பித்தினியாவிலும் தடுக்கப்பட்டு அலைந்தவர்கள் அவர்கள் எல்லோரும். "புதிய காலம்" என்பது உண்மையான வார்த்தையாகவே இருக்கலாம். அது எப்போது, எங்கே என்று அதில் இல்லை. உங்கள் சபையிலேயே அந்தக் காலம் தொடங்கலாம். போதகரிடமும், "வேளை வரவில்லை என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். உங்களைவிட்டால் வகுப்பை நடத்த ஆளில்லை என்பதுதான் காரணம் என்றால், அது நியாயமான கவலை. ஆனால் அது கர்த்தருடைய வேளையைப் பற்றிய வெளிப்பாடு அல்ல. உங்களை நன்றாக அறிந்த, இந்த முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத இரண்டு மூன்று பேரை ஜெபிக்கவும் கேள்வி கேட்கவும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் காயம். பல வருடங்களுக்கு முன் ஒரு சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கமிட்டிக் கூட்டத்தில் வார்த்தைகள் தடித்தன. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை, அதன்பிறகும் போகவில்லை. அங்கிருந்து நான் போக வேண்டியவன்தான் என்று இன்றும் நம்புகிறேன். வேளைதான் என்னுடையது, கர்த்தருடையது அல்ல. அந்த வாலிபர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அவர்களில் ஒருவன் பல வருடம் கழித்து, "அண்ணா, எங்களாலதான் போயிட்டீங்கன்னு நெனச்சோம்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ஜான் ஹென்றி நியூமனுக்குத் தன் சபையைப் பற்றிய முதல் சந்தேகம் 1839-இல் வந்தது. 1843-இல் குருத்துவப் பொறுப்பை விட்டார். கத்தோலிக்கச் சபையில் சேர்ந்தது 1845 அக்டோபரில். அவர் போன திசையைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆறு வருடம் அவர் நடந்த விதத்தைத்தான் சொல்கிறேன். நான் ஆறு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஓரேபில் எலியாவுக்குக் கிடைத்த கட்டளையில் ஒரு பகுதி, எலிசாவை "உன் ஸ்தானத்திலே" அபிஷேகம்பண்ணு என்பது. உங்கள் கடிதத்தில் ஊழியர், போதகர், புதிய சபை என்று எல்லோரும் வருகிறார்கள், உங்களோடு பாடம் எடுக்கிறவர்கள் ஒருவர்கூட வரவில்லை. உங்களிடம் படித்து வளர்ந்த பிள்ளைகளில் பாடம் சொல்ல ஆசையாயிருக்கிறவள் யார்? விடுப்பில் போகும் முன் அவளுக்கு ஒரு வகுப்பைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.