தகுதியுள்ளவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளிர் உரிமைத் தொகை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அரசு தரும் உதவியைத் தகுதி பார்த்துப் பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

நான் கோத்தகிரி பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை. ரேஷனில் அரிசி சும்மா வருகிறது, மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, பஸ்ஸிலும் காசு கேட்பதில்லை, பிறகு எதற்கு மழையில் அட்டைக்கடி பட வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் கார் வைத்திருக்கும் மூன்று வீடுகளுக்கு இந்தப் பணம் போகிறது. ரேஷன் அரிசியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

நலவாழ்வு அரசு என்பதை உலகத்துக்குக் காட்டிய பிரிட்டனிலேயே, முதியவர்களுக்குக் குளிர்காலத்தில் கொடுத்துவந்த எரிபொருள் பணத்தை 2024-ல் ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். சுருக்கியது தொழிற்கட்சி அரசு. அங்கே வேலை பார்க்கும் தம்பி மகன் சொன்னான். பணக்கார நாடே கணக்குப் பார்க்கும்போது கடனில் இருக்கும் நாம் பார்க்க வேண்டாமா? தகுதியுள்ளவருக்குக் கொடு, மற்றவருக்கு நிறுத்து என்பதில் என்ன தவறு?

நாளைக்கே அரசு ஒரே ஒரு காரியம் செய்யும் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?

அன்புடன்,
ஆர்., கோத்தகிரி

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் பந்தலூர் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் மகள் கல்யாணத்தோடு முடிந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. பொங்கலுக்கு வருவான். முடிந்த மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்புவான், முடியாத மாதம் போன் செய்வான்.

சில வருடங்களுக்கு முன்னால் பெரியம்மாவுக்கு முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். அப்போது அது மாதம் ஆயிரம் ரூபாய். 2023-ல்தான் 1200 ஆனது. விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர்தான், கடுமையாக ஒன்றும் பேசவில்லை. படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, "பையன் இருக்கானாம்மா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இல்லையென்று சொல், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியம்மா, "இருக்கான் சாமி, திருப்பூர்ல" என்றார். அவர் ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, மகன் ஆதரவில் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி எனக்குக் கோபம் வந்தது, பெரியம்மா மேல்தான். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். "உசுரோட இருக்குற புள்ளய இல்லேன்னு சொல்லியா காசு வாங்கணும்? என் வாயால அதச் சொல்லுவேனா?" என்றார். பிறகு எழுதிப் போடவே விடவில்லை.

தகுதி பார்த்துக் கொடுப்பது என்று தாளில் எழுதும்போது அது நியாயமாகத்தான் தெரிகிறது. வாசற்படிக்கு வரும்போது அது இப்படி ஒரு கேள்வியாகிவிடுகிறது. இல்லை என்று சொல்ல முடிந்தவர் உள்ளே போனார், சொல்ல முடியாதவர் வெளியே நின்றார். இருவரில் யாருக்கு அதிகத் தேவை என்பதை அந்தக் கேள்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உங்கள் ஊரின் கார் வைத்த மூன்று வீடுகளுக்கு வருகிறேன். உரிமைத் தொகைக்கு நான்கு சக்கர வண்டி இருக்கக் கூடாது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, வருடத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறி வாங்கியிருந்தால் நிறுத்தட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார் வீட்டு முன்னால் நிற்கும், எல்லோர் கண்ணிலும் படும். விடுபட்டவர் கண்ணில் படமாட்டார். 2023-ல் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள், ஏற்கப்பட்டவர்கள் 1 கோடியே 6 லட்சம். மீதிப் பேரில் எத்தனை பேர் வசதியானவர்கள், எத்தனை பேர் ஒரு சான்றிதழ் இல்லாமல் போனவர்கள் என்று தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. எழுதியே போடாதவர்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. கூடலூர், பந்தலூர் பக்கம் பழைய ஜமீன் போன்ற ஜன்ம நிலங்களின் பிரச்சினை, அவற்றை ஒழித்த 1969 சட்டத்திலிருந்து தீராமல் கிடக்கிறது. அந்தச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் வரும் நிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, பல வீடுகளுக்குக் கரண்டே இல்லை. எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் பட்டா, கரண்ட் பில் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பார்த்ததையும் சொல்கிறேன். எனக்கு முன்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா, தோட்டத்து வேலைக்காரர். கைரேகை மெஷினில் பெருவிரலை வைத்தார், விழவில்லை. சேலையில் துடைத்து வைத்தார். தலையில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றி வைத்தார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். அந்தக் கையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து, நுனியில் வெடிப்பு ஓடி, ரேகை இருந்த இடம் தேய்ந்து மழமழவென்று இருந்தது. ரேகை விழாவிட்டாலும் வேறு வழியில் பொருள் கொடுக்க இடமிருக்கிறது. அன்று சிக்னல் இல்லை, எந்த வழியும் நடக்கவில்லை. கடைக்காரத் தம்பி, "நாளைக்கு வாங்கக்கா" என்றான். நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வாழ்நாள் முழுக்க உழைத்த அடையாளம் அந்த விரலில் இருக்கிறது, மெஷினுக்கு அது போதவில்லை.

இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையை நாம் ஏற்கெனவே ஒரு முறை செய்து பார்த்தோம். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. இடையில் மாத வருமானம் ஐயாயிரத்துக்கு மேல் என்றால் அட்டையில் 'எச்' முத்திரை, அரிசி கிடையாது என்று ஒரு ஏற்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் வீடுகளைத்தான் அது முதலில் தொட்டது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, அதைக் கொண்டுவந்த ஜெயலலிதா அரசே அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் கடைக்கு வாத்தியார் வீட்டு அம்மாவும் போலீஸ்காரர் வீட்டு அம்மாவும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் பாமாயிலுக்கும் வருகிறார்கள், அதனால் கடை நேரத்துக்குத் திறக்கிறது, அரிசியில் புழு இருந்தால் குரல் எழுகிறது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம், எதுவும் வேண்டாதவருக்கும் தனி அட்டை இருக்கிறது. வரிசையில் நிற்க விருப்பமில்லாதவர் தானாகவே விலகிக்கொள்கிறார், யாரும் யார் வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மாட்டுக்குப் போடுவதும் எல்லை தாண்டிக் கேரளாவுக்குக் கடத்துவதும் தப்பு, பிடிக்க வேண்டியதுதான். அதற்காக வரிசையில் நிற்பவரின் அட்டையை எடுக்கக் கூடாது.

பிரிட்டன் கதையை உங்கள் தம்பி மகன் பாதியில் நிறுத்திவிட்டார். 1997-லிருந்து முதியவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவந்த பணம் அது. 2024 ஜூலையில் அதை இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலும் 'பென்ஷன் கிரெடிட்' என்ற, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவியை வாங்கும் ஏழைகளுக்கு மட்டும் என்றார்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு நின்றது. சிக்கல் என்னவென்றால், பென்ஷன் கிரெடிட் வாங்கத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத முதியவர்கள் அங்கே பல லட்சம் பேர். படிவம் நீளம், தெரியாதவர் பலர், கேட்கக் கூச்சப்படுபவர் பலர். யாருக்காக மிச்சம் பிடித்தார்களோ அவர்களிலேயே பலருக்கு அந்தக் குளிர்காலத்தில் பணம் போகவில்லை. 2025 ஜூனில் அதே அரசு பின்வாங்கியது. முதியவர்களுக்குப் பழையபடி கொடுத்துவிடுவது, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் வரியில் திரும்பப் பிடித்துக்கொள்வது என்று மாற்றினார்கள்.

ஜனவரியில் உறைபனி கொட்டும் மலையில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு அது அந்நிய நாட்டுச் செய்தியாகவே படவில்லை. நான் கேட்பதும் இதைத்தான். கொடுக்கிற இடத்தில் சல்லடை வேண்டாம், வரி வாங்குகிற இடத்தில் வையுங்கள். கொடுக்கிற இடத்தில் வைத்தால் ஓட்டைக்குள் நுழைய முடியாமல் நிற்பவர் பெரியம்மா. வரி வாங்குகிற இடத்தில் வைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குப்பிள்ளையும் வக்கீலும் வைத்துக்கொள்ள முடிந்தவர்.

ஆள் கிடைக்காத விஷயத்தில் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் ரூபாய் என்பது தோட்டக் கூலியில் இரண்டரை நாள் வேலை. இரண்டரை நாள் கூலி கைக்கு வந்ததற்காக யாரும் இருபத்தைந்து நாள் வேலையை விடமாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்ப் பல வருடமாகிறது, உரிமைத் தொகை வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். என் பெரியம்மா மகனும் அப்படிப் போனவன்தான். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் பறிக்கிறார்கள். ஆயிரம் ரூபாயால் நடந்தது வேறு ஒன்று. அட்டைக்கடியிலும் காட்டுமாட்டுப் பயத்திலும், குறைந்த கூலிக்கு, உடம்பு முடியாத நாளிலும் போயே ஆக வேண்டும் என்ற நிலை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. காய்ச்சலோடு கூடையைத் தலையில் மாட்டிய அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தளர்வை நான் கெடுதல் என்று சொல்லமாட்டேன்.

பஸ்ஸைப் பற்றிச் சொன்னீர்கள். 2021 மே மாதம் அந்தத் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு என்று வந்தது. மலையில் ஓடும் பஸ் அந்தக் கணக்கில் வரவில்லை. 'நகரப் பேருந்து' என்ற, சமவெளிக்கு மட்டும் பொருந்தும் ஒரு சொல்லால் இங்கே இத்தனை பெண்களும் வெளியே நின்றோம். 2024-ல்தான் மலைக்கும் நீட்டித்தார்கள். இதில் யாரும் வசதியானவரைக் கண்டுபிடித்து நிறுத்தவில்லை. ஒரு விதியை எழுதியவருக்கு நம் மலைப்பாதை நினைவில் இல்லை, அவ்வளவுதான். விதிகள் கூடக்கூட இப்படி நினைவில் வராதவர்களும் கூடுவார்கள்.

கடன் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, நானும் கவலைப்படுகிறேன். 2006-க்குப் பிறகு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியை நான் அன்றும் ஆதரிக்கவில்லை, இன்றும் ஆதரிக்கமாட்டேன். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு பொருளைக் கையில் கொடுப்பதும், பிள்ளைக்குத் தினமும் சாப்பாடு போடுவதும் ஒன்றில்லை. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கியபோதும் செலவைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு. பந்தியில் உட்கார்ந்த பிள்ளையிடம் உன் அப்பாவுக்கு என்ன வருமானம் என்று எந்தப் பள்ளியிலும் கேட்கவில்லை. நீங்கள் தலைமையாசிரியராக இருந்து அந்தப் பந்தியை நடத்தியவர். எந்தத் தட்டை எடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்று. சோவியத் ஒன்றியம் உடைந்து நம் தேயிலையை வாங்க ஆளில்லாமல் போய், தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது நீங்கள் எவ்வளவு பட்டிருப்பீர்கள் என்று தெரியும். பச்சைத் தேயிலைக்கு ஆதார விலை கேட்டுக் கோத்தகிரியில் உட்கார்ந்தவர்களின் கோரிக்கை நியாயமானது என்று இந்தத் தளத்திலேயே எழுதினேன். அப்போது அரை ஏக்கர்க்காரருக்கு மட்டும், வேறு வருமானம் இல்லாதவருக்கு மட்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. விலை விழுந்தது விவசாயியின் தப்பில்லை. வயதானது பெரியம்மாவின் தப்பில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. நாளைக்கே ஒரு காரியம் என்றால், முதியோர் உதவித்தொகையில் அறுபது வயதைத் தாண்டியதற்கு ஒரு சான்று, அது மட்டும் போதும் என்று ஆக்கச் சொல்வேன். வசதியிருப்பவரிடம் வரியில் பிடித்துக்கொள்ளட்டும். 1962-லிருந்து இந்தத் தொகை கொடுக்கிறோம், இவ்வளவு வருடமும் ஆதரவற்றவர் என்று நிரூபித்தால்தான் கொடுத்திருக்கிறோம். அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இப்போது பணமில்லை என்று சொன்னால், விசாரணைக்கு வருகிறவர் மகன் இருக்கிறானா என்று கேட்பதையாவது நிறுத்தச் சொல்வேன். அது நின்றால் பெரியம்மாவிடம் படிவத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போவேன்.

அன்புடன்.