சாப்பாடு இலவசம், கேப் எத்தனை மணிக்கு?

வணக்கம் சார்,

எனக்கு 27 வயது. பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனி ஒன்றில் நாலரை வருடமாக இருக்கிறேன். இப்போது சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேகமாக வளர்ந்துவரும் ஒரு புராடக்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் ஐபிஓ வராத, அதாவது பங்குச் சந்தைக்குப் போகாத கம்பெனி. சம்பளம் 40 சதவீதம் கூடுதல். 20 லட்சம் மதிப்புள்ள ஈசாப் (கம்பெனிப் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை), மூன்று வேளைச் சாப்பாடு, ஜிம், வரம்பில்லாத லீவு எல்லாம் உண்டு. 'எங்கள் கல்ச்சர்தான் எங்கள் பலம்' என்று ஹெச்ஆர் மூன்று முறை சொன்னார். என் 90 நாள் நோட்டீஸுக்கு அவர்களே பணம் கட்டிவிடுவார்களாம், 30 நாளில் வந்து சேரச் சொல்கிறார்கள். அப்பா வேண்டாம் என்கிறார். அவருக்கு இரண்டு வருடம் முன்பு பைபாஸ் ஆனது. போகலாமா?

க., துரைப்பாக்கம்

அன்புள்ள க.,

போங்கள். 27 வயதில் போகாமல் வேறு எப்போது? ஆனால் 30 நாளில் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு. இலவசச் சாப்பாட்டைக் கிண்டல் செய்கிற கட்சி இல்லை நான். பிஜி மெஸ்ஸில் சாம்பார் என்ற பெயரில் ஊற்றியதைச் சாப்பிட்டுக் காலம் தள்ளியவன். எழுத வருவதற்கு முன் இப்படி ஒரு கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட்டில் ஆறு வருடம் இருந்தேன். சேர்ந்தபோது 40 பேர், விலகியபோது 700 பேர். அங்கே இரவுச் சாப்பாடு எட்டரைக்கு வரும். சுடச்சுட இட்லி, வெள்ளிக்கிழமை பரோட்டா. வீட்டுக்குக் கேப் ஒன்பதுக்குத்தான். ஒன்பது வரை இரு என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு மணிக்குப் பையைத் தூக்கினால் 'என்ன, ஹாஃப் டேயா?' என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அவ்வளவுதான். 'நாம ஒரு குடும்பம்' என்று சுவரில் போஸ்டர் வேறு. குடும்பம் என்றால் எதிர்த்துப் பேசக்கூடாது என்பதுதானே நம் ஊரில் அர்த்தம்! சேர்வதற்கு முன் அந்த கேப் அட்டவணையை யாராவது காட்டியிருந்தால் எனக்கு நிறைய புரிந்திருக்கும்.

ஆகவே கேண்டீனைச் சுற்றிக் காட்டும்போது கேப் நேரத்தைக் கேளுங்கள். கடைசியாக ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் சொதப்பியபோது நடுராத்திரி எழுந்தது யார், மறுநாள் அவருக்கு லீவு கொடுத்தார்களா என்று கேளுங்கள். இதையெல்லாம் ஹெச்ஆரிடம் கேட்டுப் பயனில்லை, உங்களுக்கு மேனேஜராக வரப்போகிறவரிடம் கேளுங்கள். முடிந்தால் அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுங்கள். உள்ளே இருப்பவர், ஆள் சேர்த்துவிட்டால் கிடைக்கும் ரெஃபரல் போனஸை நினைத்துக்கொண்டே பேசுவார். வரம்பில்லாத லீவு என்றால், போன வருடம் அந்த டீமில் ஆளுக்கு எத்தனை நாள் எடுத்தார்கள் என்பதே கேள்வி. கணக்கு வைக்காத லீவில் விலகும்போது காசாக்க மிச்சம் என்று எதுவும் இருக்காது.

இனி ஈசாப். 2010இல் சென்னையில் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஃபிரஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்குக்குப் போனது. ஐநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அதில் எழுபது பேர் வரை முப்பது வயதைத் தாண்டாதவர்கள் என்று நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அன்றிலிருந்து ஓஎம்ஆரில் ஈசாப் என்ற சொல்லுக்கே ஒரு மினுமினுப்பு. 36 டாலருக்கு வெளியான அந்தப் பங்கு அடுத்த வருடமே அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2024 நவம்பரில் சுமார் 660 பேரைக் குறைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. குறை சொல்ல இதை எழுதவில்லை. சந்தையில் நினைத்த நேரத்தில் விற்கக்கூடிய பங்கின் கதையே இது. உங்களுக்குத் தருவதை விற்கச் சந்தையே கிடையாது. வளர்ந்தால் ஐபிஓ வந்தே தீரும் என்றும் இல்லை. 1996இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஜோஹோ இன்றுவரை சந்தைக்கு வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த '20 லட்சம்' எப்படி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும், கடைசியாக முதலீட்டாளர் கொடுத்த விலையை உங்கள் பங்கு எண்ணிக்கையால் பெருக்கியிருப்பார்கள். எத்தனை பங்கு, கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்கு, நீங்கள் கட்டவேண்டிய விலை என்ன, இந்த மூன்றும் எழுத்தில் வரட்டும். வழக்கமாக நான்கு வருடத்தில் பிரித்துத் தருவார்கள், முதல் வருடம் முடியுமுன் விலகினால் பூஜ்யம். விலகிய பிறகு பங்கை வாங்க 90 நாள்தான் அவகாசம் தருகிற கம்பெனிகள் நிறைய. இதற்குள் வரி ஒன்று ஒளிந்திருக்கிறது. நீங்கள் 10 ரூபாய் கட்டி வாங்கும் பங்கின் அன்றைய மதிப்பு 500 என்றால், 490 ரூபாய் உங்கள் சம்பளத்தில் சேரும். பங்கை விற்க முடியாது, வரியைக் கையிலிருந்து கட்டவேண்டும். 2020 பட்ஜெட்டில் இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை வந்தது, ஆனால் அரசின் தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும். உங்கள் கம்பெனி அதில் உண்டா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்கடன் கணக்கில் ஈசாப்பைச் சேர்க்கவே கூடாது.

அப்பா ஏன் வேண்டாம் என்கிறார்? 'பெரிய கம்பெனி' என்ற பெருமைதான் காரணம் என்று நினைக்கிறீர்களா? பைபாஸுக்கான பில்லைக் கட்டியது உங்கள் இப்போதைய கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸாக இருந்தால், அவர் அதை மறந்திருக்க மாட்டார். நீங்கள் விலகும் நாளோடு அந்தப் பாதுகாப்பு போய்விடும். புதிய இடத்தில் பெற்றோருக்கு கவரேஜ் உண்டா, எத்தனை லட்சம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே கிடைக்குமா? ஜிம்மைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இப்போது அந்த 30 நாள். விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும் என்பது சட்டம். நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலரை வருடத்தோடு 90 நாளையும் கூட்டிப் பாருங்கள், எல்லையைத் தாண்டுகிறீர்கள். 30 நாளில் ஓடினால் தாண்டவில்லை. உங்கள் அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால், 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி ஐந்து வருடத்துக்கு 1,15,384 ரூபாய். சில கம்பெனிகள் ஐந்து முழுதாக முடியவேண்டும் என்று முரண்டு பிடிக்கும், அதனால் ராஜினாமா கொடுக்குமுன் உங்கள் ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

புதிய இடத்துக்கு, நோட்டீஸ் முழுவதையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுதுங்கள். கூடுதலாக அறுபது நாள் காத்திருக்க முடியாது என்று பதில் வந்தால், ஹெச்ஆர் தங்கள் கல்ச்சரைப் பற்றி நான்காவது முறை சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.