தமிழ் நீளமாம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். கிராபிக் டிசைன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்.

ஒரு சங்கடம். எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும் என்று இப்போதே ஒரு போஸ்டரும் பேஸ்புக்கில் போடச் சில படங்களும் கேட்கிறார். அவருடைய கட்சிக்கு நான் வாக்குப் போட்டதில்லை, போடவும் மாட்டேன். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறா. அப்பா, காசு தந்தால் செய் என்கிறார். கூடப் படித்தவர்களோ கலைஞர் அரசியலில் கை வைத்தால் கெட்டுப்போவார் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செய்து பார்த்த மாதிரி ஒன்றை இணைத்திருக்கிறேன். தமிழ் நீளம், டிசைனுக்கு ஒத்துவராது. அதனால் ஆங்கிலத்தைப் பெரிதாகவும் தமிழைச் சின்னதாகவும் போட்டேன். குறை நினைக்க வேண்டாம்.

இணையத்தில் கிடைத்த பழைய நோட்டுகளின் படங்களையும், அந்தக் 'கர்ப்பிணி நாய்மார்' பஸ் படத்தையும் அனுப்புகிறேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஏஐ போஸ்டர்கள் பற்றியும் கொழும்பில் நடக்கும் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொல பற்றியும் ஒருநாள் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடி ஒரு பலகையோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். 'இவ்விடத்தில் குப்பைகளைக் கொட்டுவது முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. பலகையின் காலடியில் இரண்டு குப்பைப் பைகள். கிட்டப் போய்க் குனிந்து வாசித்தால்தான் தெரியும், வாசிக்கக் குனிந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: தமிழ் நீளமாம்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கலா பொலவுக்குப் போங்கள், வெயிலுக்குக் குடை கொண்டு போங்கள், அவ்வளவுதான். நான் பார்த்த ஏஐ போஸ்டரில் தமிழ் எழுத்து மாதிரி ஏதோ இருந்தது, வாசிக்கப் போனால் எழுத்தில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கலைஞர் அரசியலில் கை வைத்தால் கெட்டுப்போவார் என்று சொல்லும் நண்பர்களிடம் ஒப்ரி கொலெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1943இல் கொழும்பில் தொடங்கிய கலைஞர் அமைப்பான '43 குழு'வில் ஜோர்ஜ் கீற், லயனல் வென்ட் ஆகியோரோடு இருந்தவர். பத்திரிகையில் அரசியல்வாதிகளைக் கேலிச்சித்திரமாக வரைவதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். கை கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுகள் 1979 வரிசை. ஓவியர் லக்கி சேனநாயக்க வரைந்தவை. ஒரு தலைவரின் முகம்கூட இல்லாமல் மீனும் பறவையும் பூவுமாக ஒரு நாடு தன் காசை அச்சடித்த காலம் அது. நான் சின்னப் பையனாக அவற்றைக் கசக்கிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அழகு என்று அப்போது தெரியவில்லை, பாண் வாங்கலாம் என்று மட்டும் தெரிந்தது.

இனி அந்த நாய்மார்.

எத்தனையோ வருடமாகச் சுற்றும் படம். பஸ்ஸில் 'கர்ப்பிணித் தாய்மார்களுக்காக' என்று ஒதுக்கிய இருக்கையின் மேல் 'த' இருக்க வேண்டிய இடத்தில் 'ந' ஒட்டியிருந்தது. நானும் முதல் தடவை சிரித்தேன். மூன்றாம் தடவை, இது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தேன். நீங்களும் டிசைனர்தானே, யோசித்திருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பாதிப் பேர் இன்னும் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் 'த' ஜே விசையில் இருக்கிறது, வலது கையின் ஆள்காட்டி விரலுக்குக் கீழே. 'ந' ஈ விசையில், மேல் வரிசையில், இடது கைப் பக்கம். விரல் தவறினால் பக்கத்து விசையில் விழும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் பாயாது. ஆகவே இது தட்டச்சுப் பிழையாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். யாரோ ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் வெட்டியவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு எழுத்துக்கும் வால் ஒரே மாதிரிக் கீழே இறங்கி இடப்பக்கம் வளைகிறது. அவர் வாலைப் பார்த்தார், தலையைக் கவனிக்கவில்லை.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரசகரும மொழி என்றானது. அதனால் பஸ்ஸிலும் பலகையிலும் நமக்கு ஒரு வரி கிடைத்தது. அதை ஒட்டும் முன் வாசித்துப் பார்க்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. அந்த பஸ் நிற்கிற தரிப்பிடத்தில் கடலை விற்பவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலே போதும்.

இப்போது உங்களுக்குத்தான் திட்டு. எழுத்தை வாசிக்காமல் படமாகப் பார்த்ததுதானே அவர் செய்த பிழை. நீங்கள் செய்திருப்பதும் அதுதான், தங்கச்சி. அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மாதிரியின் வாசகத்தைத் தனிக் கோப்பில் அனுப்பியிருந்தீர்கள். என் கணினியில் பாமினி இல்லாததால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறந்தது. (பாமினியில் அரைப்புள்ளி விசைதான் குற்று, அதாவது எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. தமிழில் எத்தனை குற்று வருகிறது என்று எண்ண ஆசைப்பட்டால் இது நல்ல வழி.) மாற்றி எடுத்து வாசித்தேன். மேலே ஆங்கிலத்தில் பெரிதாக இரண்டு சொல். 'மாற்றம் இப்போதே' என்று பொருள். கீழே தமிழில்: 'எமது பிரதேசத்தின் ஒளிமயமான எதிர்காலத்தை நோக்கிய மாற்றத்திற்காக உங்களது பெறுமதியான வாக்கினை வழங்குங்கள்.'

பத்துச் சொல். ஆங்கிலத்துக்கு இரண்டு சொல்லைக் கொடுத்துவிட்டுத் தமிழின் தலையில் பத்துச் சொல்லை ஏற்றினால் அது குனியாமல் என்ன செய்யும்? அந்தப் பத்தில் எதை எடுத்தாலும் ஒன்றும் குறையாது. 'ஒளிமயமான' எதற்கு? இருட்டான எதிர்காலம் தருகிறேன் என்று எந்த வேட்பாளராவது வந்தாரா? 'பெறுமதியான வாக்கு' என்றால் பெறுமதி இல்லாத வாக்கு எது? 'வாக்கினை வழங்குங்கள்' என்று உங்கள் அம்மா எப்போதாவது பேசியிருக்கிறாவா?

1994 ஓகஸ்ட். பொதுத் தேர்தல். எனக்குப் பதினேழு வயது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் என் மாமா போர்ட் எழுதுகிறவர். கடைப் பலகை, லொறிக் கதவு, மரண அறிவித்தல் எல்லாம் எழுதுவார். தேர்தல் வந்தால் மதில். கட்சிக்குள்ளேயே பிடித்த வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு முறை வந்த பிறகு ஒவ்வொரு வேட்பாளருக்கும் தன் கட்சிக்காரனே எதிரி. ஆகவே மதிலில் சின்னத்தை விட விருப்பு இலக்கம் பெரிதாக வேண்டும். அந்த மாதம் மாமா நல்லாகச் சாப்பிட்டார். சாயந்தரம் ஒரு கட்சியின் சின்னமான யானை வரைவார், விடியப்புறம் அதே கையால் எதிர்த்தரப்பின் சின்னமான நாற்காலி வரைவார். இரண்டும் நன்றாகத்தான் வந்தன. யானையின் காது அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

என் வேலை நூல் பிடிப்பது. சணல் நூலை உடுப்புக்குப் போடுகிற நீலத் தூளில் தோய்த்து, ஒரு நுனியை நான் மதிலில் அழுத்திப் பிடிக்க, மறு நுனியை அவர் இழுத்துப் பிடித்து நடுவில் விரலால் சுண்டுவார். டப் என்று ஒரு சத்தம், சுவரில் நேரான நீலக் கோடு. சண்டைக் காலம் என்பதால் இரவில் பொலிஸ் வந்து டோர்ச் அடித்து அடையாள அட்டை கேட்பார்கள். மாமா அட்டையைக் கொடுக்கும்போது அதிலும் பெயின்ட் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன பொலிஸ்காரரும் உண்டு. சிரிக்காதவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இரண்டு கோடு அடிப்பார். தமிழுக்கு நான்கு. நடு இரண்டும் எழுத்தின் உடம்புக்கு. மேல் கோடு விசிறிக்கும் (கி, கீ போன்ற எழுத்துகளின் மேல் வளைவு) குற்றுக்கும். கீழ்க் கோடு வாலுக்கு. "உடம்பை அளந்து எழுது, வாலை அளக்காதே" என்பார். நீங்கள் உங்கள் திரையில் செய்திருப்பது என்னவென்றால், நான்கு கோட்டையும் சேர்த்து ஒரு பெட்டியாக்கி, அந்தப் பெட்டியை ஆங்கிலத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்துக்கு அமுக்கியிருக்கிறீர்கள். உடம்பு பாதியாகிவிட்டது. பிறகு டிசைனுக்கு ஒத்துவராது என்று தமிழைக் குறை சொல்கிறீர்கள்.

ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் வந்தார். சிங்களத்தவர், நல்ல மனிதர்தான். மதிலில் சிங்களம் முக்கால் இடத்தை எடுத்துவிட்டது. "இடமில்லை, தமிழைச் சின்னதாகப் போடு" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி விரலால் காற்றில் எழுதி எழுத்து எண்ணினார். 'யானைக்கு வாக்களியுங்கள்.' பன்னிரண்டு எழுத்து. கொஞ்ச நேரம் பீடி குடித்தார். பிறகு நான்கே எழுத்தை, சிங்களத்துக்குச் சமமான உயரத்தில் எழுதினார்.

யானைக்கே.

கட்சிக்காரர் தமிழ் வாசிக்கத் தெரியாதவர். எழுத்தை எண்ணிப் பார்த்தார். முழு வரிக்குப் பேசிய கூலிக்கு நான்கு எழுத்துத்தானா, மிச்ச எழுத்து எங்கே என்று சத்தம் போட்டார். மாமா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "எல்லாம் இருக்குது மாத்தயா, கூடவே இருக்குது" என்றார்.

கூடவே இருந்தது உண்மை. 'யானைக்கு' என்றால் யானைக்கும் போடலாம், மற்றதுக்கும் போடலாம். 'யானைக்கே' என்றால் வேறெதற்கும் இல்லை. அந்த ஏகாரம் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் செய்ய இன்னொரு சொல் வேண்டும். இவ்வளவு குறுகச் சொல்லத் தெரிந்த பாஷையைப் பார்த்து நீளம் என்கிறீர்கள். நீளமாக இருப்பது நம்முடைய மொழிபெயர்ப்பு. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய வாக்கியத்தை ஒருவர் அலுவலகத் தமிழுக்கு மாற்றுகிறார், இன்னொருவர் அதை மிச்சமிருக்கும் இடத்தில் திணிக்கிறார். 'குப்பை கொட்டாதீர்' என்று எழுதியிருந்தால் காலி வீதிப் பலகையில் எழுத்து என் கை அகலத்துக்கு இருந்திருக்கும்.

தேர்தல் என்பதே சுருக்கிச் சொல்கிற கலை என்று எனக்கு ஓர் எண்ணம். 1931இல் இங்கே எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது வாசிக்கத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள், பிறகு சின்னம் வந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 பேர். வாக்குச்சீட்டு இரண்டடிக்கு மேல். மும்மொழியிலும் 35 பெயர். அத்தனையையும் தாண்டிக் கை போய் நின்றது ஒரு சின்னப் படத்துக்குப் பக்கத்தில். உங்கள் வேட்பாளருக்கும் அந்த அளவு இடம்தான் கிடைக்கும். அதுவும் போஸ்டர் ஒட்டினால் பொலிஸ் வந்து கிழிக்கிற காலம், எல்லோரும் கைத்தொலைபேசியில்தான் பார்க்கப் போகிறார்கள். பத்துச் சொல்லை அங்கே யார் வாசிப்பார்?

மாமா எழுதிய மதில் இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி. 2019 தேர்தல் முடிந்த கையோடு பிள்ளைகள் நகரம் முழுக்கச் சுவரோவியம் வரைந்தார்களே, அப்போது நான் கொட்டாஞ்சேனையில் நடந்து போனேன். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். தமிழில் ஒரு வரி கண்ணில் படுமா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆமர் வீதி வரை படவில்லை. அதன் பிறகு கால் வலித்தது.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். செய்யுங்கள். வாக்கு உங்களுடையது, அதை அவர் கேட்கவில்லை, போஸ்டர்தான் கேட்டார். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். பாதிக் காசை முதலிலே வாங்கிவிடுங்கள். அந்த வருடம் மாமாவுக்கு ஒரு வேட்பாளர் தர வேண்டிய காசை அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா. திருத்திய மாதிரியை அனுப்புங்கள். யுனிகோட்டில்.