ரே ஆலனா, ஐவர்சனா? 1996 பிக் ஈஸ்ட் விருது குறித்த கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து லீக்குகளில் ஒன்றான பிக் ஈஸ்டின் 1995-96 பருவச் சிறந்த ஆட்டக்காரர் விருது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரே ஆலனுக்குச் சென்றது. ஜார்ஜ்டவுனின் ஆலன் ஐவர்சனுக்குத்தான் அது கிடைத்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை நீண்ட காலமாகப் படித்து வருபவன் என்ற முறையில், இதுபற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒருவரின் குடும்பப் பெயரும் மற்றவரின் முதற்பெயரும் தமிழில் ஒன்றாகவே ஒலிப்பதால், குழப்பம் வராதிருக்க ஒருவரை ரே என்றும் மற்றவரை ஐவர்சன் என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐவர்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 25.0 புள்ளிகள் எடுத்தார், ரே 23.4 தான் எடுத்தார். அதிகம் எடுத்தவர் எப்படித் தோற்றார்?

பதில்: சராசரியை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் புள்ளிகள் எத்தனை வாய்ப்புகளில் வந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐவர்சன் 37 ஆட்டங்களில் 650 ஷாட்டுகள் எடுத்து, 317 ஃப்ரீ த்ரோக்களும் (எதிரணியின் விதிமீறலுக்காகத் தரப்படும் தடையற்ற எறிவு வாய்ப்புகள்) பெற்று, 926 புள்ளிகள் சேர்த்தார். ரே 35 ஆட்டங்களில் 618 ஷாட்டுகள் எடுத்து, 147 ஃப்ரீ த்ரோக்கள் மட்டுமே பெற்று, 818 புள்ளிகள் சேர்த்தார். ஃப்ரீ த்ரோவையும், தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டையும் உரிய எடையோடு சேர்த்துக் கணக்கிடும் வழக்கமான முறையில் பார்த்தால், ரேயின் திறன் 59.9 சதவீதமும் ஐவர்சனின் திறன் 58.6 சதவீதமும் வருகின்றன. அதாவது புள்ளி சேர்ப்பதில் இருவருக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான இடைவெளி இல்லை. ஐவர்சன் கண்மண் தெரியாமல் ஷாட் எடுத்துத் தள்ளியவர் என்று, பிற்காலத் தொழில்முறை ஆட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பலர் சொல்கிறார்கள். கல்லூரியின் அந்த இரண்டாம் ஆண்டில் அவர் 48 சதவீத ஷாட்டுகளைக் கூடைக்குள் போட்டவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வேறுபாடு இருப்பது புள்ளிகள் வந்த விதத்தில். ரே 247 மூன்று புள்ளி ஷாட்டுகளில் 115-ஐப் போட்டார், அது 46.6 சதவீதம். ஐவர்சன் 238-இல் 87 போட்டார். தூரத்திலிருந்து அந்த அளவுக்குத் தவறாமல் போடும் ஒருவர் களத்தில் நின்றாலே எதிரணியின் ஒரு தடுப்பாளர் அவரை விட்டு நகர முடியாது. அதனால் உள்ளே மற்ற நால்வருக்கும் இடம் கிடைக்கிறது. அந்தப் பயன் ரேயின் பெயரில் எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. அதோடு ஆட்டத்துக்கு 6.5 ரீபவுண்டுகளும் (தவறிய ஷாட்டின் பந்தைக் கைப்பற்றுவது) அவருடையவை, ஐவர்சனுக்கு 3.8. மறுபக்கம் அசிஸ்டில், அதாவது தோழர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுப்பதில், ஐவர்சன் 4.7, ரே 3.3 என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: வாக்களிப்பவர்கள் யார்? பத்திரிகையாளர்களா?

பதில்: பிக் ஈஸ்டில் வாக்களிப்பவர்கள் பயிற்சியாளர்கள். தம் அணி வீரருக்கு அவர்கள் வாக்களிக்க முடியாது. அந்தப் பருவத்தில் லீக்கில் 13 அணிகள் இருந்தன. அட்லாண்டிக் கோஸ்ட் போன்ற வேறு கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரி லீக்குகளில்) செய்தியாளர்களின் வாக்கே நீண்ட காலம் இதைத் தீர்மானித்து வந்தது. ஒரு வீரரை நேரில் எதிர்கொண்டு, அவரைத் தடுக்கத் திட்டம் போட்டு, அந்தத் திட்டம் பலித்ததா இல்லையா என்று கண்டவர்களின் வாக்கு என்பதால், பிக் ஈஸ்ட் முறைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

கேள்வி: பிப்ரவரி 19 அன்று இருவரும் நேருக்கு நேர் மோதியபோது ஜார்ஜ்டவுன் வென்றதே. அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பதில்: ஐவர்சன் தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான், அதை நான் மதிக்கிறேன். கனெக்டிகட் தொடர்ந்து 23 ஆட்டங்களில் வென்றுவிட்டு மேரிலாந்தின் லேண்டோவர் அரங்குக்கு வந்தது. அன்று ஜார்ஜ்டவுன் 77-65 என்று வென்று அந்தத் தொடரை முறித்தது. பயிற்சியாளர் ஜான் தாம்ப்சனின் ஜார்ஜ்டவுன் அணி களத்தின் முழு நீளத்துக்கும் நெருக்கித் தடுத்தது, அந்த நெருக்கடியின் முன்முனையில் நின்றவர் ஐவர்சன். அன்று இரவே வாக்கெடுப்பு நடந்திருந்தால் என் வாக்கும் அவருக்குத்தான் போயிருக்கும்.

ஆனால் விருது ஓர் இரவுக்கு உரியதன்று, 18 லீக் ஆட்டங்களுக்கு உரியது. அந்த 18-இல் கனெக்டிகட் தோற்றது அந்த ஒன்றில் மட்டுமே, அவர்கள் கணக்கு 17-1. ஜார்ஜ்டவுன் 13-5. ஐவர்சன் தன் மிகச் சிறந்த ஆட்டத்தை ரேக்கு எதிராகவே ஆடினார் என்பதால் அந்த ஆட்டம் நம் நினைவில் பெரிதாக நிற்கிறது. ஜார்ஜ்டவுன் தோற்ற ஐந்து ஆட்டங்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஜனவரி மாதத்தில் ஒரு சாதாரண அணிக்கு எதிராக வெளியூரில் சோர்வில்லாமல் ஆடி வெல்வதும் இந்த விருதின் கணக்கில் அதே எடையோடு சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஐவர்சனுக்கே கிடைத்தது. இரு முனையிலும் சிறந்தவர்தானே முழுமையான ஆட்டக்காரர்?

பதில்: என்னைப் பலமுறை தயங்க வைத்த கேள்வி இது. ஐவர்சன் 1995, 1996 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்த விருதைப் பெற்றார். அந்தப் பருவத்தில் 124 முறை பந்தைப் பறித்தார், ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல். அதே ஜார்ஜ்டவுனின் அலோன்சோ மோர்னிங் 1992-இல் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளையும் ஒன்றாகப் பெற்றிருக்கிறார், ஆகவே முன்னுதாரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

என் பதில் இரண்டு பகுதிகள் கொண்டது. முதலாவது, மோர்னிங் போன்ற சென்டர் நிலை வீரர் கூடைக்கு அருகில் நின்று எதிரணியின் ஒவ்வொரு தாக்குதலையும் பாதிக்கிறார். கூடையிலிருந்து தள்ளி, கார்டு நிலையில் ஆடும் ஒருவர் பந்தைப் பறிக்கப் பாயும்போது, சில முறை பந்து கிடைக்கிறது, சில முறை எதிராளி அவரைக் கடந்து போய்விடுகிறார். ஐவர்சன் துணிந்து பாய முடிந்ததற்கு, பின்னால் ஒத்தெல்லா ஹாரிங்டன், ஜெரோம் வில்லியம்ஸ் போன்ற உயரமானவர்கள் நின்றதும் ஒரு காரணம். இரண்டாவது, ரே தடுப்பாட்டத்தில் பலவீனமானவர் அல்லர். பயிற்சியாளர் ஜிம் கால்ஹூனின் கனெக்டிகட் அணியில் தடுக்காதவருக்குக் களத்தில் இடம் கிடையாது. ஆகவே தடுப்பில் ஐவர்சனுக்கு முன்னிலை உண்டு என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த முன்னிலை, ரீபவுண்டிலும் தூர ஷாட்டிலும் ரேக்கு இருந்த முன்னிலையைத் தாண்டிச் செல்லவில்லை என்று மட்டும் சொல்கிறேன். இந்த ஓரிடத்தில் ஒருவர் என்னிடமிருந்து மாறுபட்டால், அவர் தவறாகப் பார்க்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 17-1 என்பது கனெக்டிகட் அணியின் சாதனை. நல்ல தோழர்கள் கிடைத்ததற்காக ஒருவருக்குத் தனிநபர் விருது கொடுக்கலாமா?

பதில்: தோழர்களை எண்ணிப் பார்ப்போம். 1996 ஜூன் மாதம், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்த நிகழ்வில் ரேயின் தோழர்களில் டிராவிஸ் நைட் 29-ஆவதாகவும், இஸ்ரேலிலிருந்து வந்த டோரோன் ஷெஃபர் 36-ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். ஐவர்சனின் தோழர்களில் ஜெரோம் வில்லியம்ஸ் 26-ஆவது, ஹாரிங்டன் 30-ஆவது. போதாததற்கு விக்டர் பேஜ் என்ற முதலாண்டு கார்டும் ஜார்ஜ்டவுனில் இருந்தார். ஐவர்சன் தனி ஆளாக அணியைச் சுமந்தார் என்ற கதை இந்தப் பட்டியலின் முன் நிற்காது. ஏறக்குறைய சமமான துணையோடு ஓர் அணி நான்கு வெற்றிகள் கூடுதலாகப் பெற்றது என்றால், அதில் முதன்மை வீரருக்கு ஒரு பங்கு உண்டு.

கேள்வி: பள்ளிப் பருவத்தில் ஐவர்சன் மீது வந்த வழக்கும் சிறைவாசமும் பயிற்சியாளர்களின் மனத்தில் இருந்திருக்குமா?

பதில்: அந்தத் தண்டனையை விர்ஜீனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய சான்று இல்லை என்று 1995-இல் நீக்கிவிட்டது. எதிரணி அரங்குகளில் பார்வையாளர்கள் அவரை இழித்துப் பேசியதை எண்ணினால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் வாக்களித்த பயிற்சியாளர்கள் 1995-இல் அவரையே சிறந்த புதுமுகமாகவும் தேர்ந்தெடுத்தவர்கள், தடுப்பாட்ட விருதை இருமுறை தந்தவர்கள். ஒரு விருதில் மட்டும் வெறுப்பு வேலை செய்தது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த பிக் ஈஸ்ட் போட்டித் தொடரின் இறுதியாட்டத்தில் ரே போட்ட ஷாட்டுக்காகத்தான் இந்த விருது என்கிறார்களே?

பதில்: இல்லை. அந்த ஆட்டம் மார்ச் 9-ஆம் நாள் நடந்தது. பருவ விருதுக்கான வாக்கு, கான்ஃபரன்ஸ் போட்டித் தொடருக்கு முன்பே முடிந்துவிடும். ஜார்ஜ்டவுனுக்கு எதிராகக் கனெக்டிகட் 63-74 என்று பின்தங்கி நின்று, கடைசி 12 புள்ளிகளையும் தானே எடுத்து 75-74 என்று வென்றது. நிலைகுலைந்த உடலோடு காற்றில் தொங்கியபடி ரே விட்ட ஷாட்தான் வெற்றியைத் தந்தது. அதற்கு முன் அவர் தொடர்ந்து 14 ஷாட்டுகளைத் தவறவிட்டிருந்தார். அந்தத் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர் தோற்ற அணியின் விக்டர் பேஜ்.

கேள்வி: இவர்கள் இருவரைத் தவிர வேறு யாருமே தகுதி பெறவில்லையா?

பதில்: வில்லனோவாவின் கெர்ரி கிட்டில்ஸ் முந்தைய ஆண்டு விருதை வென்றவர், அவர் அணி 14-4 என்று ஜார்ஜ்டவுனைவிட ஒரு வெற்றி கூடுதலாகவே பெற்றது. சிரக்யூஸின் ஜான் வாலஸ் தன் அணியை மார்ச்சில் தேசிய இறுதியாட்டம் வரை கொண்டுபோனார், ஆனால் அதுவும் வாக்குக்குப் பிந்தியது. வேறோர் ஆண்டாக இருந்தால் இவர்களில் எவரும் வென்றிருக்கலாம்.

கேள்வி: இவ்வளவு நெருக்கம் என்றால் விருதைப் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே?

பதில்: வழி இருந்தது. 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பேட்ரிக் யூயிங்கும் கிறிஸ் மல்லினும் இதே விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். யூயிங் சென்டர் நிலையில் நின்று கூடையைக் காத்தவர், மல்லின் வெளியிலிருந்து ஷாட் போட்டவர், ஆகவே இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது உண்மையிலேயே கடினம். ரேயும் ஐவர்சனும் இருவருமே கார்டுகள், ஒரே லீக்கில் ஒரே வேலையைச் செய்தவர்கள், ஒப்பிட முடிந்தவர்கள். ஒப்பிட முடியும்போது தேர்ந்தெடுப்பதுதான் வாக்களிப்பவரின் கடமை. என் கையில் வாக்குச் சீட்டு இருந்திருந்தால் ரேயின் பெயரை எழுதியிருப்பேன். எந்தக் கல்லூரி வீரரின் திறமை மிகப் பெரியது என்று சீட்டு கேட்டிருந்தால், ஐவர்சனின் பெயரை எழுதியிருப்பேன். மூன்று மாதம் கழித்து என்.பி.ஏ.வின் ஃபிலடெல்ஃபியா அணி அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்.